யானாவும் ஹாம்ஸ்டர் முட்டையும்

குழந்தையின்மை சிகிச்சை மையத்தின் விளம்பரப் பலகையில் 'இக்ஸி' (ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவுற வைக்கும் முறை) என்ற பெயரைப் பார்க்காதவர்கள் இப்போது குறைவு. அதற்கு வழி போட்டவர்களில் ஒருவரான ரியூசோ யானகிமாச்சியைப் பற்றி நம் ஆட்கள் பேசி நான் கேட்டதில்லை.

1928இல் ஜப்பானின் ஹொக்கைடோவில் பிறந்தவர். முதலில் அவர் ஆராய்ந்தது ஹெர்ரிங் மீனை. அந்த மீனின் விந்தணு கடல்நீரில் விழுந்தும் நீந்தாமல் சும்மா கிடக்கும். முட்டைக்குள் போக ஒரே ஒரு சின்னத் துளைதான். அதன் பக்கம் வந்ததும் துள்ளிக் கிளம்பும். இதைக் கண்டுபிடித்தவருக்கு ஊரில் ஆராய்ச்சி வேலை அமையவில்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். அப்புறம் அமெரிக்காவில் கருவுறுதலை ஆராய்ந்துகொண்டிருந்த எம்.சி. சாங்குக்குக் கடிதம் போட்டு, 1960இல் அவரிடம் போய்ச் சேர்ந்தார். 1963இல் இருவரும் எலி போன்ற சிறு விலங்கான ஹாம்ஸ்டரின் முட்டையை உடலுக்கு வெளியே கருவுற வைத்தார்கள். 1966 முதல் ஹவாய் பல்கலைக்கழகம். அங்கே எல்லோருக்கும் அவர் 'யானா'.

எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருக்கும் விந்தணு, முட்டைக்குள் நுழையுமா? மைக்ராஸ்கோப்பில் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்க்க மனிதக் கருமுட்டைக்கு எங்கே போவது? 1976இல் யானா ஒரு வழி சொன்னார்: ஹாம்ஸ்டர் முட்டையின் வெளி உறையை நீக்கிவிட்டால் மனித விந்தணு உள்ளே நுழைகிறது. குழந்தை உருவாகாது, ஆனால் சோதனைக்குப் போதும். ஆண்களைச் சோதிக்க உலகம் முழுக்க இதைப் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தியும் காட்டியது அவர் குழு.

1992இல் பிரஸ்ஸல்ஸில் அந்த ஊசி வழி மனிதக் குழந்தைகள் பிறந்த செய்தி வந்தது. ஹாம்ஸ்டர் சோதனைக்கு மெல்ல வேலை இல்லாமல் போனது.

என் வருத்தம் இங்கேதான். விந்தணு ஏன் நீந்தவில்லை, ஏன் நுழையவில்லை என்பது யானாவின் கேள்வி. இக்ஸிக்கு அந்தப் பதில் தேவையே இல்லை, ஒரு விந்தணு கிடைத்தால் போதும். குறை கணவனிடம், ஹார்மோன் ஊசியும் முட்டை எடுக்கும் வலியும் மனைவிக்கு. இக்ஸி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் எத்தனையோ வீடுகளில் தொட்டில் ஆடுகிறது. ஆனால் ஆணுக்குக் காரணம் தேடும் ஆராய்ச்சிக்கு அதே அக்கறையும் பணமும் வேண்டாமா?

யானா 2023இல், 95 வயதில் காலமானார். அதே ஆண்டுதான் அவருக்கு ஜப்பானின் பெரிய விருதான கியோட்டோ பரிசை அறிவித்திருந்தார்கள்.

காரணம் தேடுவது வீண்வேலை என்பவர்களுக்கு ஒன்று: அப்பாவின் ஒய் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இல்லாமல் போய் அதனால் விந்தணு குறைந்திருந்தால், இக்ஸியில் பிறக்கும் மகனுக்கும் அந்தக் குறை அப்படியே போகிறது.