பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு

குளிர் ஆரம்பித்துவிட்டது. அமீரகத்தில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களில் "இந்தச் சனிக்கிழமை மலீஹா பக்கம் டெசர்ட் டிரைவ், யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போதுதான் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய தம்பிகள் குடும்பத்தோடு பெயர் கொடுக்கிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. எனக்கு இருக்கும் கவலை ஒன்றுதான்: அந்த வண்டிகளை முன்னால் நின்று கூட்டிப்போகிற லீட் யார்?

மணலில் பிரமாதமாக ஓட்டுகிறவரையே பெரும்பாலும் லீட் ஆக்கிவிடுகிறோம். அவருடைய நிசான் பேட்ரோல் வண்டி எந்த மணல்மேட்டிலும் ஏறிவிடும். பின்னால் பஜேரோவில் மனைவி பிள்ளைகளோடு வருகிறவருக்கு அந்தப் பாதை சரிப்படுமா? கூட்டத்திலேயே அனுபவம் குறைந்த ஆளும் வலு குறைந்த வண்டியும் எந்தப் பாதையில் பயமில்லாமல் வர முடியுமோ, அதைத் தேடிக் கொடுப்பதுதான் லீடின் வேலை. அதனால் அவர் முன்னால் இருக்கும் மணலைப் பார்க்கிற அளவுக்குக் கண்ணாடியில் பின்னால் வருகிறவர்களையும் பார்க்க வேண்டும். தன் ஆசைக்கு ஓட்ட வேண்டுமென்றால் தன்னைப் போன்ற நாலு பேரோடு இன்னொரு நாள் போகட்டும்.

லீடின் வேலை டயரில் காற்று இறக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ரோட்டில் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்து ஓட்டுகிற டயரை மணலுக்கு 15 வரை இறக்குகிறோம். டயர் தட்டையாகி நீளவாக்கில் மணலில் படியும், வண்டியின் எடை பரவும், புதையாது. 10க்கும் கீழே இறக்கிவிட்டு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். புதிதாக வருகிறவருக்கு இரண்டுமே தெரியாது. "எல்லாரும் இறக்கியாச்சா?" என்று தூரத்திலிருந்து கத்தினால் எல்லாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். லீட் கையில் காற்றழுத்தம் பார்க்கிற கேஜை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்க்க வேண்டும். வண்டிக்குள் தண்ணீர் கேன், ஜாக்கி என்று எதுவும் கட்டாமல் கிடக்கிறதா, பின் சீட்டுப் பிள்ளைகள் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புதியவர்களை லீடுக்கு நேர் பின்னால் விட வேண்டும். அனுபவம் உள்ள இன்னொருவர் ஸ்வீப்பாகக் கடைசியில் வரட்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. அது கண்ணாடியில் தெரியவில்லை என்றால் வாக்கி டாக்கி ரேடியோவில் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது மேட்டின் உச்சிதான். காற்று அடிக்கிற பக்கம் மணல் மெதுவாக ஏறும், மறுபக்கம் செங்குத்தாக விழும். உச்சியைத் தொடும் நொடியில் ஓட்டுகிறவருக்கு பானட்டும் வானமும் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் ஒரு வண்டி சிக்கி நின்றால் அதன் மேலேயே போய் விழுவோம். அதனால்தான் வண்டியில் ஆரஞ்சுக் கொடியை உயரமாகக் கட்டச் சொல்கிறோம். முன்னால் போனவர் இறங்கி விலகி, ரேடியோவில் "கிளியர்" என்று சொன்ன பிறகே அடுத்தவர் ஏற வேண்டும். உச்சி வெயிலில் நிழல் விழாததால் பள்ளம் எது, மேடு எது என்று பழகிய கண்ணுக்கே தெரியாது. காலையில் சீக்கிரம் போய் வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்வது நல்லது. ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டால் வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பப் பார்த்தால் வண்டி பக்கவாட்டில் உருண்டுவிடும். இதை மேட்டுக்கு முன்னால் நிறுத்தி, எல்லாரையும் இறங்கச் சொல்லி, ஒருமுறை செய்து காட்டுங்கள்.

புதைந்த வண்டியைப் பார்த்ததும் இழுக்கிற கயிறைத் தேடுகிறார்கள். அவசரமே வேண்டாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க சக்கரம் குழி தோண்டிக்கொண்டே போகும், அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், மணலில் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மண்வெட்டியால் அடியிலும் சக்கரங்களைச் சுற்றியும் இருக்கும் மணலை வழித்துவிட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து, ரிவர்ஸில் மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் தானே வந்துவிடும். இழுத்தே ஆக வேண்டும் என்றால், டிரெய்லர் மாட்டுகிற உருண்டைக் கொக்கியில் மட்டும் கயிற்றைக் கட்டாதீர்கள். அது பிய்ந்து பறந்தால் ஆளையே கொன்றுவிடும். இழுக்கும்போது மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்க வேண்டும். வீடியோ எடுக்கிறவருக்கும் இது பொருந்தும்.

இவ்வளவு சொன்னால், இதில் ஜாலி எங்கே என்று கேட்பீர்கள். அடிக்கடி நிறுத்துங்கள். மலீஹாவின் ஃபாசில் ராக் பாறைக்குன்று தெரிகிற ஒரு சமதளத்தில் பிள்ளைகளை இறக்கி மணலில் சறுக்க விடுங்கள், பிளாஸ்கில் இருக்கும் டீயைப் பகிருங்கள். பயந்துகொண்டே வந்தவர் தன் முதல் மேட்டைத் தாண்டியதும் ரேடியோவில் எல்லாரும் கை தட்டட்டும். ஒருவர் "எனக்கு இது போதும்" என்றால் அத்தோடு திரும்புங்கள், அவரைச் சீண்ட வேண்டாம். மறுபடி வருவதும் வராததும் அந்த நேரத்தில் அவரை எப்படி நடத்தினோம் என்பதில்தான் இருக்கிறது.

குழு நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்வீப்பாகக் கடைசியில் வந்து, மற்றவர்கள் வண்டியை வெயிலில் தோண்டி எடுத்துப் பழகாத யாருக்கும் லீட் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அபுதாபியின் லிவா மாதிரிப் பெரிய மணலுக்குப் போவதாக இருந்தால் இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.