வயசுக்கு வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள்

ஒரு பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் நம் பக்கம் அது ரகசியமே இல்லை. பத்திரிகை அடிக்கிறோம், மண்டபம் பிடிக்கிறோம், தாய்மாமன் சீர்த்தட்டு வேட்டுச் சத்தத்தோடு வருகிறது, முச்சந்தியில் பேனர் நிற்கிறது. ஊரையே கூட்டிச் சொல்லும் இந்த விஷயத்தை அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. பாத்ரூமில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய வியாதி என்று பயந்து அழுத பெண்கள் நம் வீடுகளிலேயே எத்தனை பேர்!

என் மகளிடம் நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை லீவிலேயே பேசிவிட்டேன். "இந்த வயசுலயா?" என்றார் பெரியம்மா. ஆமாம். 12, 13 வயதில் வருவதுதான் வழக்கம் என்றாலும், 9, 10 வயதில் வந்துவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய 2 வருடத்தில் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே லேசாக வெள்ளைப்படும். இந்த அடையாளங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் தள்ளிப்போடக் கூடாது.

நாப்கின் பாக்கெட்டைக் கட்டிலில் பிரித்துவைத்து, காகிதத்தை உரித்து ஜட்டியில் ஒட்டச் சொன்னேன். முதலில் கோணலாக ஒட்டினாள், உரித்து மறுபடி ஒட்டினாள். "எவ்ளோ ரத்தம்மா போகும்? ஒரு சொம்பா?" என்று கேட்டபோது குரல் கம்மியிருந்தது. இருமல் மருந்து மூடியை எடுத்துவந்து அதில் தண்ணீர் பிடித்து நாப்கின் மேல் ஊற்றிக் காட்டினேன். எல்லா நாளும் சேர்த்தே பெரும்பாலும் இந்த மூடியால் மூன்று, நான்கு மூடிதான் என்றதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

கர்ப்பப்பைக்குள் மாதாமாதம் ஒரு படலம் வளரும், குழந்தை உண்டாகாதபோது அது கரைந்து ரத்தத்தோடு வெளியே வரும், அதில் கெட்ட ரத்தம் என்று எதுவும் இல்லை என்று சொன்னேன். முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி முன்னே பின்னே போகும் என்றும், நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்றும் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று நனைந்தால் உடனே சொல், டாக்டரிடம் போகலாம் என்றேன். "தம்பிக்கும் வருமா?" என்றாள். வராது என்றதும் அடுத்த கேள்வி: "அப்பாகிட்ட சொல்லலாமா?"

"தாராளமா சொல்லு. நான் ஊர்ல இல்லாதப்ப வந்தா அப்பாதான கடைக்குப் போகணும்."

தீட்டு என்ற பேச்சை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை பக்கம் அணைக்காட்டில், வயசுக்கு வந்ததால் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த சிறுமி தென்னைமரம் விழுந்து செத்துப்போனாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளை, வயசுக்கு வந்திருந்ததால், வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். அந்த வீடியோவைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் பல வருடங்களாக இருக்கிறது. 2018-இல் நாப்கினுக்கு ஜிஎஸ்டியையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் தனித் தட்டும் தனிப் பாயும் போடுவதை எந்த அரசு வந்து நிறுத்தும்? அதை நிறுத்த வேண்டியது வீட்டில் இருக்கும் நாம்தான்.

பிள்ளை வயசுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டித் தர வேண்டும் என்று எங்கள் அத்தைக்கு ஆசை. நல்லெண்ணெயும் கருப்பட்டியும் போட்ட களியை யார் வேண்டாம் என்பார்கள்? களி கொடுங்கள், ஆனால் எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், பழைய மாதிரி எங்களோடுதான் படுப்பாள் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது, அப்புறம் சரி என்றார். சடங்கு விஷயத்தில் முடிவு மகளுடையது. பட்டுப்பாவாடை, மாமா, அத்தை எல்லாம் வேண்டுமாம். "பேனர் மட்டும் வேணாம்மா, கிளாஸ் பசங்க பாப்பாங்க" என்றாள். அவளுடைய தாய்மாமனான என் தம்பியிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

அப்பாக்களிடம் ஒன்று கேட்கிறேன். நாப்கின் வாங்கப் போனால் கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவார். மகளையும் கூட்டிக்கொண்டு போய், "கவர் வேணாம், அப்படியே குடுங்க" என்று அவள் முன்னாலேயே கேட்டு வாங்கி வாருங்கள்.