நகைக்கடை கூடினால் ஊர் வளர்ந்துவிட்டதா?

போன வாரம் கொழும்பிலிருந்து ஒரு நண்பர், இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் தலவாக்கலைக்கு வந்திருந்தார். பத்து வருடத்துக்குப் பிறகு வருகிறார். பஸ்ஸை விட்டு இறங்கி என் கடை வரைக்கும் நடந்து வந்தவர், உட்காருவதற்கு முன்னமே சொன்னார்: "மச்சான், உங்க ஊர் நல்லா வளர்ந்துருச்சு. எத்தனை நகைக்கடை, எத்தனை போன் கடை!" எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் போன பிறகு மனதுக்குள் ஓடியதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

எங்களுடையது பலசரக்குக் கடை. அப்பா தொடங்கியது. அப்பா காலத்துக் கடன் கொப்பிகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். பொருளாதாரம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொப்பிகளில் படித்ததுதான்.

அப்பா காலத்தில் இந்த டவுன் பத்தாம் திகதியை நம்பி இருந்தது. பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம். அன்றைக்குப் பின்னேரம் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. கொப்பியில் எல்லாக் கணக்கும் அன்று அடிபடும், மறுநாளே புதிய கணக்கு தொடங்கும். மாவும் சீனியும் கருவாடும் இருபத்தைந்தாம் திகதி அட்வான்ஸ் வரைக்கும் கடனில் போகும். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதற்கு அப்பாவிடம் ஒரே அளவுகோல்தான் இருந்தது: அந்த வீட்டில் எத்தனை பேருக்குத் தோட்டத்தில் பேர் விழுகிறது, அதாவது நாள் வேலை பதிவாகிறது.

இப்போது நான் கேட்பது வேறு. மகன் எங்கே வேலை? கொழும்பில் எந்தக் கடை? மகள் கார்மெண்ட்டிலா, சவூதியிலா? பத்தாம் திகதி என் கடையில் மற்ற நாள் மாதிரித்தான் இருக்கிறது. மாதக் கடைசியிலும் முதல் வாரத்திலும், வெளியிலிருந்து காசு வந்து சேரும் நாட்களில்தான் கூட்டம். 1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. மலையில் கொழுந்து எடுப்பவர்களில் இளம் பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நண்பர் பார்த்த பளபளப்பு எல்லாம் இப்படி வெளியே போனவர்கள் அனுப்பும் காசு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொழும்புப் பேட்டைக் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்த காசு அது, வளைகுடா வீடுகளில் கண்ணீரோடு உழைத்த காசு. என் கடையும் அதனால்தான் ஓடுகிறது. ஆனால் அந்தக் காசு இங்கே வந்து என்ன ஆகிறது?

பெரும் பகுதி நகையாகிறது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா, அதாவது வரிசை வீட்டு அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வாசலில் நட்ட கறிவேப்பிலை மரம் நிற்கிற மண்கூட நம்முடையது இல்லை. காணி உறுதி (நிலப் பத்திரம்) இல்லாத ஒரு குடும்பம் தன் பெயரில் வைத்துக்கொள்ளக்கூடிய பெறுமதியான பொருள் தங்கம் மட்டும்தான். எங்கள் சனத்துக்கு நகை மோகம் என்று படித்தவர்களே பேசுகிறார்கள், கேட்கும்போது வயிறு எரிகிறது. மற்ற ஊரில் காணி செய்கிற வேலையை இங்கே தங்கம் செய்கிறது. பிள்ளையின் டியூஷன் காசுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்குக் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான் பிணை. அதனால்தான் நகைக்கடைக்குப் பக்கத்திலேயே அடகுக் கடையும் இருக்கிறது.

2022 பொருளாதார நெருக்கடி நினைவிருக்கிறதா? டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் கொழுந்தும் விழுந்துவிட்டது. 2021 இல் 30 கோடி கிலோவுக்குக் கிட்ட இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. ரொட்டிதான் எங்கள் சாப்பாடு, கோதுமை மா விலையோ எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதம் ஏற்றியது. அந்த வருடம் அடகு வைத்த நகையை மீட்க முடியாமல் போன எத்தனை பெண்கள் என் கடையில் நின்று அழுதார்கள் என்று எனக்குத்தான் தெரியும். இருபது வருடச் சேமிப்பு. கொப்பியில் அந்த மாதங்களின் பக்கங்களைப் புரட்ட இன்றைக்கும் மனம் வருவதில்லை.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2021 இல் தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1000 ரூபாய். 2024 மே தினத்தன்று பக்கத்துக் கொட்டகலை மேடையில் 1700 என்று அறிவித்தார்கள்; இழுபறிக்குப் பிறகு செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1550, அதோடு அரசாங்கம் கொடுக்கும் 200, மொத்தம் 1750. சரி, நல்லது. வேண்டும்தான். ஒரு நாள் வேலைக்கு அதற்கும் மேலே கொடுக்கலாம். ஆனால் கணக்குப் போடுங்கள். மாதத்தில் 20 நாள் பேர் விழுந்தால் 35,000. அதில் ஈபிஎப் (சேமலாப நிதி) கழியும். எடுத்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். ஐந்து பேர் உள்ள வீட்டில் அந்தக் காசு மூன்றாவது வாரத்தைத் தாண்டாது. 2019 அரசாங்கக் கணக்கிலேயே நாட்டில் வறுமை 14.3 சதவீதம், தோட்டப்பகுதியில் 33.8. நெருக்கடிக்கு முந்தைய கணக்கு இது.

இதே தேயிலைதான் காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் இருக்கிறது. நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை இன்று கொடுப்பவர்கள் சிறுதோட்டக்காரர்கள். பலருக்கு ஒரு ஏக்கர்கூட இருக்காது. ஆனால் உறுதி அவர்கள் கையில். கொழுந்து விலை கூடினால் அந்தக் காசு அந்த வீட்டுக்கு வருகிறது. வங்கிக்குப் போனால் கடன் கிடைக்கிறது. இடையில் மிளகு நடலாம், பின்னால் ஒரு அறை கட்டலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இருநூறு வருடமாக இந்த மலையை உண்டாக்கியவர்களுக்கு அந்த உரிமை இல்லை. சில தோட்டங்களில் இப்போது குடும்பத்துக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுத்துப் பராமரிக்கச் சொல்கிறார்கள். ஆள் தட்டுப்பாட்டுக்கு அது ஒரு வழி, கொஞ்சம் வருமானமும் கூடுகிறது. செடி கொடுத்தார்கள், மண்ணைக் கொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார், எங்கள் வாடிக்கையாளர். லயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த மேட்டைக் கொத்தி லீக்ஸும் கரட்டும் போட்டார். ஒரு மாடும் வைத்திருக்கிறார். பால் காசு வாரா வாரம் வரும். அவருடைய கணக்கு என் கொப்பியில் ஒரு நாளும் நின்றதில்லை. மகன் கட்டாரிலிருந்து காசு அனுப்பியதும் இன்னும் இரண்டு மாடு வாங்கி ஒழுங்கான கொட்டில் கட்டலாம் என்று கிளம்பினார். குறையும் காசுக்கு வங்கிக்குப் போனார். உறுதி கேட்டார்கள். அப்புறம் கொட்டிலுக்குக் கல் இறக்கிய அன்றைக்கே தோட்டத்திலிருந்து ஆள் வந்து நிறுத்திவிட்டுப் போனார். அனுமதி இல்லையாம்.

இந்த ஊரில் வளர்ச்சி என்று நான் கண்ணால் கண்டது அந்த மரக்கறிப் பாத்தியும் மாடும்தான். இங்கேயே உண்டாகி இங்கேயே சுற்றுகிற காசு அது. 7 பேர்ச் காணியோடு (ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச்) தனி வீடு கிடைத்த குடும்பங்களையும் பார்க்கிறேன். வாசலில் சின்னக் கடை, கோழிக்கூடு, தையல் மெஷின். பாதி வயது போன பிறகு அந்த முகங்களில் ஒரு நிமிர்வு வந்திருக்கிறது. ஆனால் அப்படிக் கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

டித்வா புயல் வந்த 2025 நவம்பரில் நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில்தான் மலை அதிகம் சரிந்தது. அந்த ராத்திரி லயங்களை விட்டு ஓடியவர்கள் எதைக் கையில் எடுத்தார்கள் என்று கேட்டேன். பிள்ளைகள், அடையாள அட்டை, நகைப் பெட்டி.

அந்த அக்கா நேற்றுக் கடைக்கு வந்தார். கொட்டில் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அத விட்டுட்டேன் தம்பி. ரெண்டு பவுன்ல ஒரு சங்கிலி எடுத்துட்டேன். அதையாவது யாரும் வந்து நிறுத்தமாட்டாங்கல்ல?"

அரைக் கிலோ பருப்பு வாங்கினார். காசு கொடுத்துவிட்டுப் போனார்.