"ரத்தத்துலயே இருக்கு" என்று சொல்லாதீர்கள்

கருப்பினக் கலைஞர்கள் ஆடும் காணொளி எதைப் பகிர்ந்தாலும் கீழே ஒருவராவது வந்து எழுதிவிடுகிறார்: "தாளம் அவங்க ரத்தத்துலயே இருக்கு." பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

1739 செப்டம்பரில் அமெரிக்காவில், தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றருகே கருப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசறைந்தபடி, வழியெங்கும் ஆள் சேர்த்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். கிளர்ச்சியை நசுக்கிய வெள்ளையர்கள் அடுத்த ஆண்டே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அடிமைகள் முரசோ ஊதுகொம்போ வைத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றமானது.

எழுத்தும் போயிற்று, முரசும் போயிற்று. உடம்புதான் மிச்சம். தொடையிலும் நெஞ்சிலும் தட்டினார்கள், கைகொட்டினார்கள், குதிகாலால் தரையை அடித்தார்கள். ஜூபா என்று அதற்குப் பெயர். ஒருவர் தட்டிக்காட்ட அடுத்தவர் பார்த்துப் பழகி, அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்த கல்வி அது. அதைப் போய் ரத்தம் என்றால், காப்பாற்றிக் கொடுத்தவர்களின் உழைப்பை எங்கே வைப்பது?

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த நடன இயக்குநர் கமீல் ஏ. பிரவுனை எனக்கு இதனால்தான் அவ்வளவு பிடிக்கும். கருப்பின அடையாளம் பற்றி அவர் மூன்று படைப்புகள் செய்தார். 2012இல் வந்த முதலாவது, வெள்ளையர் ரசிக்கப் பல்லைக் காட்டிச் சிரித்தே பிழைக்க வேண்டியிருந்த மேடைக் கலைஞர்களின் வரலாற்றைத் தொடுகிறது. என் மனதுக்கு நெருக்கமானது 2015இல் வந்த 'பிளாக் கேர்ள்: லிங்குவிஸ்டிக் ப்ளே'. ஸ்னீக்கர்ஸ் மாட்டிய பெண்கள் தெருவில் ஆடும் ஆட்டங்களையே மேடையில் ஆடுகிறார்கள். இரண்டு கயிறுகளை எதிரெதிராகச் சுழற்ற நடுவில் புகுந்து குதிக்கும் டபுள் டச், எதிரெதிரே நின்று கைதட்டும் விளையாட்டு, தோழியோடு சண்டை, சமாதானம். அந்தப் பிள்ளைகளின் கைதட்டலில் ஜூபா கேட்கிறது. சின்னப் பெண்களின் விளையாட்டுதானே என்று யாரும் பொருட்படுத்தாத இடத்தில் முன்னோர்களைக் கண்டெடுத்திருக்கிறார் பிரவுன்.

2021இல் நியூயார்க்கின் இசைநாடக அரங்கான மெட்ரோபாலிட்டன் ஓபராவின் பிரதான மேடையில் ஒரு படைப்பை இயக்கிய முதல் கருப்பினக் கலைஞரும் அவர்தான், இணை இயக்குநராக. அதில் கல்லூரி மாணவர்கள் ஆடும் ஸ்டெப் நடனம் ஒன்று வரும். கருப்பின மாணவர் சங்கங்களில் மணிக்கணக்காகப் பயிற்சி எடுத்துப் பழகும் ஆட்டம் அது. காலும் உள்ளங்கையும்தான் வாத்தியம். ஆடி முடித்ததும் எழுந்த கரவொலி அடங்கும்வரை ஓபரா நின்று காத்திருந்தது.