சேவை மணி எத்தனை?

(2020 டிசம்பர், கொரோனா காலம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், ப்ளூமிங்டன் ஊர். ஒரு சொராரிட்டி வீட்டின் சமையலறை. சொராரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்டு, ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் கல்லூரிப் பெண்களின் சங்கம். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'சகோதரி' என்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு 'ஹவுஸ் மாம்' உண்டு. அவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருக்கிறார். சேவைப் பொறுப்பில் இருக்கும் மேகன், தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கைப் படிவத்தோடு மல்லுக்கட்டுகிறாள்.)

மேகன்: முதல் கேள்வி, அம்மா. "இந்த ஆண்டு சகோதரிகள் ஒன்றாகக் கூடிய தருணங்களை விவரிக்கவும்."

ஹவுஸ் மாம்: செப்டம்பர்ல கூடினீங்களே. ஒருத்தி இருமினா, மொத்தப் பேரும் உள்ள.

மேகன்: அதுக்குப் பேரு தனிமைப்படுத்தல்!

ஹவுஸ் மாம்: ஆமா, ஊர்ல 40 சங்க வீட்டுல 30 வீடு அப்ப அப்படித்தான் தனிமையில இருந்துச்சு. ஒரே ஹால்ல அடுக்குக் கட்டில் போட்டு, வரிசையாப் படுத்துத் தூங்குற பழக்கம் உள்ள ஊரு இது. 'கோல்ட் டார்ம்', அதாவது குளிர்க் கூடம்னு பேரு வேற. வைரஸுக்கு இதைவிட வசதியா யாரு சத்திரம் கட்டித் தருவா? பனியிலயும் ஜன்னலைத் திறந்து வைக்கிறாங்களே, அது ஒண்ணுதான் அதுல நல்ல விஷயம். நீங்க ஏசி போட்டு அதையும் சாத்திட்டீங்க.

மேகன்: "இணையவழிக் கூட்டங்கள்"னு போட்டுட்டேன். அடுத்தது முகக்கவசம். "தைத்துக் கொடுத்தவை: 200."

ஹவுஸ் மாம்: மாட்டிக்க முடிஞ்சது எத்தனைன்னு கேட்கலையா?

மேகன்: அதுக்குக் கட்டம் இல்லை.

ஹவுஸ் மாம்: தப்பிச்சே. ஏப்ரல் 3-ஆம் தேதி துணிக் கவசம் போட்டுக்கச் சொன்னாங்க. அளவையும் அரசாங்க நோய்த்தடுப்பு மையம் சி.டி.சி.யே கொடுத்துச்சு. 10 அங்குலத்துக்கு 6 அங்குலம் பருத்தித் துணி ரெண்டு, 6 அங்குல எலாஸ்டிக் ரெண்டு. நீளப் பக்கத்தைக் கால் அங்குலம் மடிச்சுத் தைக்கணும். குட்டைப் பக்கத்தை அரை அங்குலம் மடிச்சுத் தைச்சு, அந்த இடுக்குல எலாஸ்டிக்கை விட்டு முடிச்சுப் போடணும். இதுல எங்க கோட்டை விட்டீங்க, சொல்லு?

மேகன்: ...வெட்டுறதுக்கு முன்னாடி துணியைத் துவைக்கலை.

ஹவுஸ் மாம்: வெந்நீர்ல ஒரு தடவை துவைச்சுச் சுருங்க விட்டுட்டுல்ல வெட்டணும்! முதல் சலவையிலயே குழந்தை சைஸ் ஆயிடுச்சு. மூக்கை மூடினா தாடை வெளியே, தாடையை மூடினா மூக்கு வெளியே.

மேகன்: எலாஸ்டிக் வேற நாடு முழுக்கக் காலி. அதான் தலைமுடி ரப்பர் போட்டோம்.

ஹவுஸ் மாம்: போட்டவங்க காதைப் பார்த்தியா? ஜாடிக் கைப்பிடி மாதிரி முன்னாடி வந்து நின்னுச்சு. பழைய டி-ஷர்ட்டைக் கீற்றாக் கிழிச்சு இழுத்தா தானாச் சுருண்டு கயிறாகிடும். டி-ஷர்ட்டுக்கா இந்த வீட்டுல பஞ்சம்? விழா நடத்தினா ஒண்ணு அடிப்பீங்க, விழாவை ரத்து பண்ணினா அதுக்கும் ஒண்ணு அடிப்பீங்க.

மேகன்: சங்கத்து எழுத்து இருக்கிற டி-ஷர்ட்ல எப்படிம்மா கத்தரி வைக்கிறது?

ஹவுஸ் மாம்: வச்சீங்களே! எழுத்து சரியா மூக்குல வர்ற மாதிரி வெட்டினீங்க. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, எழுத்து போட்ட துணி உடம்புல இருக்கறப்ப மது தொடக் கூடாதுன்னு விதி.

மேகன்: அது பெரிய சிக்கல்தான். தாடைக்குக் கீழ இறக்கி விட்டுட்டா அது போட்டிருக்கிற கணக்கா, கழட்டின கணக்கா?

ஹவுஸ் மாம்: சட்டப்படி குடிக்கிறதுக்கான இருபத்தோரு வயசு ஆகாதவதான் ரொம்ப வாதாடினா.

மேகன்: ஓட்டெடுப்பு வரைக்கும் போச்சு. முதல்ல ஜூம் இலவசக் கணக்கு. வருகைப் பதிவு முடிக்கவே கால் மணி நேரம், தீர்மானத்தை வாசிச்சு முடிக்கறதுக்குள்ள 40 நிமிஷம் ஆகி இணைப்பு போயிடுச்சு. காசு கட்டிக் கணக்கு வாங்கினோம். 31-க்கு 31. சமமா வந்தா தீர்மானம் தோல்வி.

ஹவுஸ் மாம்: தலைவி ஓட்டு?

மேகன்: கூட்டத்தை நடத்துற ஹோஸ்ட் அவதான். ஹோஸ்டுக்கு அந்த ஓட்டுப் பெட்டியில ஓட்டே கிடையாது. அதுக்கப்புறம் ஓட்டு இல்லாத ஆலோசகரை ஹோஸ்ட் ஆக்கிட்டோம்.

ஹவுஸ் மாம்: கடிதத்துக்கு வா. அதுல எனக்கு இன்னும் ஆறலை.

மேகன்: முதியோர் இல்லத்துக்கு 120 கடிதம். உள்ள யாரையும் பார்க்க விடலை, அதனால எழுதினோம். நல்ல காரியம்தானே?

ஹவுஸ் மாம்: காரியம் நல்லதுதான். உறை சதுரம்!

மேகன்: பார்க்க அழகா இருந்துச்சு.

ஹவுஸ் மாம்: தபால் மெஷினுக்கு அழகு தெரியாது. சதுர உறையில நீளப் பக்கம் எதுன்னு புரியாம கோணலாத் திருப்பிடும், அதனால ஆள் கையால பிரிக்கணும். 55 சென்ட் போக 15 சென்ட் கூடுதல். 66 டாலர்ல முடிய வேண்டியது 84. நீங்க 55-க்கு ஒட்டி அனுப்பினீங்க, மூட்டையாத் திரும்பி வந்துச்சு. அந்த இல்லத்துல மனமகிழ் நிகழ்ச்சி பார்க்கிற அம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தா, "உறையே வேண்டாம், ஒட்டாம ஒரே பெட்டியில போட்டு அனுப்புங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. எப்படியும் அவங்கதான் பிரிச்சு, படிச்சுப் பார்த்து, ஆளாளுக்குக் கொடுக்கணும்.

மேகன்: ரெண்டாம் தடவை அப்படித்தானே அனுப்பினோம்.

ஹவுஸ் மாம்: அதுவும் நான் ஜிகினாவைத் துடைச்சு எடுத்தப்புறம். எண்பது வயசுக் கண்ணுல ஜிகினாத் தூள் விழுந்தா என்ன ஆகும்? மஞ்சள் தாள்ல வெளிர் ரோஸ் பேனா வேற. கறுப்பு மார்க்கர், பெரிய எழுத்து, முதல் பேர் மட்டும், அவ்வளவுதான். "சீக்கிரம் குணமாகுங்க"ன்னு நாற்பது பேர் எழுதியிருந்தாங்க. அவங்க நோயாளியா? அது அவங்க வீடும்மா!

மேகன்: நாயைப் பத்தி எழுதினவளுக்கு மட்டும் பதில் வந்துச்சு. மூணு பக்கம். நாய்க்கு என்ன சோறு போடணும்னு.

ஹவுஸ் மாம்: பார்த்தியா, ஏதாவது கேட்டாத்தான் பதில் வரும். சரி, ரத்த தானம்?

மேகன்: "பதிவு செய்தவர்கள்: 60."

ஹவுஸ் மாம்: கொடுத்தவங்க 38.

மேகன்: மார்ச் மாசத்துல செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மட்டும் 2,700 முகாம் வரைக்கும் ரத்து, 86,000 தானம் குறைஞ்சுதுன்னு படிச்சதும் எல்லாரும் ஆவேசமாப் பேர் கொடுத்துட்டாங்க. அங்க போனா எடை 110 பவுண்டு இருக்கணும், ஹீமோகுளோபின் 12.5 இருக்கணும்.

ஹவுஸ் மாம்: காலையில வெறும் ஐஸ் காபி குடிச்சுட்டுப் போனா 12.5 எங்கிருந்து வரும்? அன்னைக்கு ஒரு நாள் கீரை தின்னாலும் ஏறாது. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே மாட்டிறைச்சி, பீன்ஸ், கூடவே ஆரஞ்சுன்னு ஆரம்பிக்கணும். முகாம் தேதியை என்கிட்ட சொல்லியிருந்தா மெனுவையே மாத்தியிருப்பேன். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு வந்து சொல்றே.

மேகன்: ஆறு பேரைப் பச்சை குத்தினதுக்காகத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. ஏப்ரல்லதான் காத்திருப்பை 12 மாசத்துலேர்ந்து 3 மாசமாக் குறைச்சாங்க. லைசென்ஸ் உள்ள கடையில குத்தியிருந்தா இந்த மாநிலத்துல காத்திருக்கவே வேண்டாம்.

ஹவுஸ் மாம்: மாடியில உக்காந்து, யூடியூபைப் பார்த்து, ஒருத்தி ஆறு பேருக்குக் குத்தினா?

மேகன்: தனிமைப்படுத்தல்ல போர் அடிச்சுது. ஆறு பேருக்கும் ஒரே டிசைன். அதைச் 'சகோதரித்துவம்' பகுதியில சேர்த்துட்டேன்.

ஹவுஸ் மாம்: சேர்த்துட்டு, ரத்தத்துல கழிச்சுடு. நிதி?

மேகன்: வருஷா வருஷம் பான்கேக் விருந்துல வரும். இந்த வருஷம் வென்மோ பிங்கோ. கட்டம் போட்ட அட்டையைப் பகிர்ந்து, ஆளுக்கொரு கட்டத்துக்கான பணத்தை வென்மோங்கிற போன் செயலியில அனுப்பச் சொல்றது, கட்டத்துக்கு 1 டாலர்லேர்ந்து 10 டாலர். சொந்தக் கணக்குல வாங்கினேனா, அடையாளத்தைச் சரிபார்க்காத கணக்குலேர்ந்து அடுத்தவங்களுக்கு அனுப்ப வாரத்துக்கு 299.99 டாலர்தான் வரம்பு. பணத்தைச் சங்கத்துக்கு அனுப்ப முடியாம மாட்டிக்கிட்டேன். ஒருத்தியோட அப்பா வரி விலக்கு ரசீது கேட்டாரு.

ஹவுஸ் மாம்: சங்கத்துக்குக் கொடுத்தா ஏது வரி விலக்கு? சட்டப்படி நீங்க மகிழ்மன்றம். அறக்கட்டளைக்கு நேராக் கொடுத்தாத்தான் ரசீது.

மேகன்: அவர் பத்து டாலர்தான் கொடுத்தாரு.

ஹவுஸ் மாம்: அப்பச் சத்தமாத்தான் கேட்டிருப்பாரு.

மேகன்: கடைசிக் கட்டம். "மொத்தச் சேவை மணி." பதிவேட்டுல என்னென்னமோ எழுதியிருக்காங்க. இன்ஸ்டாகிராம்ல போஸ்டர் பகிர்ந்தது, 1 மணி நேரம். பாட்டி வீட்டுப் பூனைக்குச் சோறு வச்சது, 4 மணி நேரம்.

ஹவுஸ் மாம்: பூனையை விட்டுடு. வயசானவங்க வீட்டுக்கு ஒரு நடை போயிருக்கா. போஸ்டரை அடி. நான் ஜிகினா துடைச்ச ஆறு மணி நேரம் எங்கே?

மேகன்: நீங்க உறுப்பினர் இல்லையேம்மா. கட்டம் ஏத்துக்க மாட்டேங்குது.

ஹவுஸ் மாம்: சரி, மூணு மணி நேரமா இந்தப் படிவத்தை நிரப்புறியே, அதை?

மேகன்: அது யாருக்குச் சேவைன்னு போடுறது?

ஹவுஸ் மாம்: "ஆதரவற்ற தலைமையகம்"னு போடு. அந்தக் கிழங்கை இப்படித் தள்ளு.