முதல் புத்தகத்துக்குக் காசு கேட்கிறவர்கள்

ஒரு பதிப்பாளர் பேசிய அந்தக் காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி பகிரவில்லை. "புதுசா எழுத வர்றவங்க நூறு பிரதியை அவங்களே வாங்கிக்கட்டும், இதுல என்ன தப்பு?" என்று மேடையில் கேட்கிறார். கீழே கைதட்டுகிறார்கள். அவர் பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு ஆறவில்லை.

என்ன தப்பு என்று சொல்கிறேன். எழுதியவரிடமே காசு வாங்கிவிட்டால், அந்தப் புத்தகத்தை விற்க வேண்டிய அவசியமே பதிப்பாளருக்கு இல்லை. போட்ட முதல் வந்தாகிவிட்டது. அப்புறம் அவர் ஏன் பிழை பார்க்க வேண்டும்? ஏன் கடைகளுக்கு அனுப்ப வேண்டும்? ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அரங்கு போடும்போது அதை ஏன் கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும்?

என் முதல் கதையை எடுத்துக்கொண்டது ஒரு சிற்றிதழ். ஆசிரியர் கடைசிப் பத்தியைப் பென்சிலால் அடித்து, "கதை இதற்கு முன்பே முடிந்துவிட்டது" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். எனக்குக் கோபமான கோபம். நாலைந்து நாள் கழித்து எடுத்துப் படித்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருகிறாள். கதை அங்கே நின்றுவிட்டது. அதற்குக் கீழே இருந்தது வெறும் விளக்கம். எங்கே நிறுத்துவது என்பதை அந்தப் பென்சில் கோடுதான் எனக்குக் காட்டியது. அவர் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை.

என் கதைத் தொகுப்பு வந்தது காசு கட்டித்தான். ஸ்ரீவைகுண்டத்தில் நடக்கிற கதை; ஸ்ரீ வர வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் கட்டம். எழுத்துரு மாற்றியபோது விழுந்தது. யாராவது ஒரு தடவை புரட்டியிருந்தால் பட்டிருக்கும். கேட்டதற்கு, "அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம் மேடம்" என்றார்கள். முதல் பதிப்பே என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

உடனே எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவைக் கொண்டுவருவீர்கள், தெரியும். அவரும் சொந்தமாகத்தானே போட்டார் என்று. ஆமாம். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார், பிரசுரம் நடத்தினார், பையில் புத்தகங்களைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். 'சுதந்திர தாகம்' நாவலையும் தானே வெளியிட்டார். அதற்கு 2001இல் சாகித்ய அகாதெமி விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அவர் பட்ட பாட்டைக் காட்டியா இன்னொருவரிடம் காசு வாங்குவீர்கள்? அவர் தனக்குத்தானே பதிப்பாளராக இருந்தார், இன்னொரு பதிப்பாளருக்குப் பணம் கட்டவில்லை.

பதிப்புத் தொழிலில் நஷ்டம் என்பீர்கள். அதை மறுக்கவில்லை. ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடித்த காலம் போய் இப்போது முந்நூறே பெரிய விஷயம். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையை நம்பியும் உட்கார முடியாது. ஆனால் இன்றைக்குத் தேவைக்கேற்ப ஐம்பது பிரதிகூட அச்சடித்துக்கொள்ளலாமே. எழுத்தாளருக்குப் பத்து சதவீதம் ராயல்டி என்பார்கள், கணக்கை யாரும் காட்டுவதில்லை.

"உங்கள் கதை நன்றாக இருந்திருந்தால் யாராவது போட்டிருப்பார்கள்." போன தடவை இதை எழுதியபோது ஒருவர் போட்ட பின்னூட்டம் இது. படித்துவிட்டுச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்வேன். அவர் படிக்கவில்லை. இலவசமாகப் பிரதி வாங்கி, அட்டையோடு படம் எடுத்துப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு வரி படிக்காத நண்பர்களையும் எனக்குத் தெரியும். சமையலை முடித்து, பிள்ளைகள் தூங்கியபிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியவை அந்தக் கதைகள். பிடிக்கவில்லை என்றாவது யாராவது சொல்ல வேண்டாமா?

நான் கேட்பது ஒரு வாசகர், புத்தகம் ஆவதற்கு முன்னால். க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் 2020இல் மறையும்வரை அப்படித்தான் இருந்தார். கைப்பிரதியை வரிவரியாகப் படித்து எழுத்தாளரோடு மல்லுக்கட்டுவார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் முதல் நாவலாக வந்தது க்ரியாவிலிருந்துதான். புதுப் பெயர் என்று அவர் ஒதுக்கவில்லை.

காசு கட்டலாமா என்று உள்பெட்டியில் கேட்ட தங்கைக்கு: காசு அனுப்பாதே. கைப்பிரதியை யார் படித்தார்கள், எந்தக் கதையில் எதை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேள். பதில் வரவில்லையென்றால் கைப்பிரதியைத் திரும்ப வாங்கு. எனக்கு அனுப்பு, நான் பென்சிலோடு படிக்கிறேன்.

அந்தப் பதிப்பகத்தின் பெயரைப் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள்.