டீ குடிக்கவும் அவுட் பாஸ் வேணுமாமுங்க

அரை நைட் ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு மில் கேட்டைத் தாண்டிய ஆள், அதற்கப்புறம் யாரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறான் என்பது முதலாளிக்கு எதுக்குங்க? எட்டு மணி நேரத்துக்குக் கூலி கொடுக்கிறீங்க, அந்த எட்டு மணி நேரம் உங்களுது. மீதிப் பதினாறு மணி நேரத்துக்கு எந்தச் சம்பளச் சீட்டில் காசு ஏறியிருக்கு? காட்டுங்க பார்க்கலாம்.

கோவை, திருப்பூர் பக்கம் பல்லடம், அன்னூர், உடுமலை, தாராபுரம் என்று எந்த ரோட்டில் போனாலும் ஒரு நூல் மில் வரும். பல மில்களில் காம்பவுண்டுக்குள்ளேயே பெண்கள் ஹாஸ்டலும் இருக்கும். அந்த ஹாஸ்டல் கேட்டில் கிடக்கிற நோட்டை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். நீள நோட்டு, பேனாவைக் கோன் நூலிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கும். பெயர், டோக்கன் நம்பர், டிபார்ட்மென்ட், போகும் இடம், காரணம், உடன் போகிறவர், போன நேரம், வந்த நேரம், கடைசியில் வார்டன் கையெழுத்து. போகும் இடம் கேட்கிறார்கள், சரி, ராத்திரி ஆள் வரவில்லையென்றால் தேட வேண்டும். "உடன் போகிறவர்" எதற்கு? நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷினில் எட்டு மணி நேரம் நடந்து நடந்து அறுந்த நூலை ஒட்டிய பிள்ளை, தேங்காய் எண்ணெய் பாட்டிலும் சோப்பும் வாங்கக் கடைக்குப் போகிறது. அது யாரோடு சிரித்துப் பேசிக்கொண்டு போகிறது என்று ஒரு கட்டம் போட்டு எழுதி வாங்குகிறீர்கள். இதற்குப் பெயர் நிர்வாகமா?

அந்த நோட்டு வரைக்கும் வந்து சேர்வதே பெரும்பாடு. முதலில் சூப்பர்வைசரிடம் சீட்டு, அப்புறம் வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸ் சீல், அப்புறம் வார்டன், அப்புறம் ஊரில் இருக்கிற அப்பாவுக்கோ கூட்டி வந்த ஏஜென்டுக்கோ ஒரு போன், கடைசியில் செக்யூரிட்டி. இத்தனை பேரில் ஒரே ஒருத்தர் "இன்னைக்கு வேண்டாங் கண்ணு, வர்ற ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்" என்றால் முடிந்தது கதை. கவனியுங்கள், யாருமே "முடியாது" என்று சொல்லவில்லை. எழுதியும் தரவில்லை. நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால் "நாங்க யாரையும் தடுக்கறதில்லீங்களே" என்று கும்பிடு போட வசதி. மாதம் ஒரு தடவை வார்டன் துணையோடு மில் வேனில் கடைவீதிக்குப் போய்த் திரும்புவதுதான் "வெளியே போவது". செல்போனை ஷிப்டுக்குள் வாங்கி வைத்தால்கூட மெஷினில் கை மாட்டிவிடும் என்று ஒரு நியாயம் சொல்லலாம். ரூமிலும் வாங்கி வைக்கிறார்களே, ரூமில் எந்த மெஷின் ஓடுதுங்க?

கேட்டால் பாதுகாப்பாம். அந்த அக்கறையைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். மில் வேனில் டிரைவர் கை வைத்தான் என்று ஒரு பெண் வந்து சொன்னால், "அது வெளியில நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறார்கள். 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியையும் வேலையிடம் என்றே சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருந்தே ஆகவேண்டும். அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டால் பாதி இடத்தில் எச்ஆருக்கே தெரியாது. வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகிற வழியில் லாரி இடித்துக் கால் முறிந்தாலும் இதே பதில்தான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கிற விபத்தை வேலையில் பட்ட காயமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 2010-லேயே தொழிலாளர் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஆனால் விபத்து அறிக்கை அனுப்பச் சொன்னால் ஆபீஸில் ஒருத்தருக்கும் பேனா கிடைக்காது. ஆக, கேட்டுக்கு வெளியே அடிபட்டால் நீ யாரோ. பேக்கரியில் நின்று பப்ஸ் தின்றால் மட்டும் நீ கம்பெனி ஆள்!

பேக்கரி என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் பேக்கரிதான் எல்லாவற்றுக்கும் சாவடி. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரை மணிக்கு வெளியே வருகிற டெய்லரும் செக்கிங் ஆளும் டெய்லருக்கு உதவுகிற கைமடி ஆளும் அங்கேதான் நிற்பார்கள். பக்கத்து கம்பெனி ஆளும் அங்கேதான். "உங்களுக்கு இந்த மாடலுக்குப் பீஸ் என்ன ரேட்டு?" அவ்வளவுதான் பேச்சு. இந்த ஒரு வரிக்குத்தான் முதலாளிக்குப் பயமே. ஓவர்லாக் தையலுக்கு அங்கே ஒரு பீஸுக்கு முப்பது பைசா சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் திங்கட்கிழமை காலையில் தையல் மெஷின் வரிசையான பவர் டேபிள் பாதி காலியாக இருக்கும். அதனால்தான் "அந்த கம்பெனி ஆளுங்ககூடச் சேராதே", "சங்கத்துக்காரன் பக்கத்துல நிக்காதே" என்று மேஸ்திரி காதில் ஓதுகிறார். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் திருப்பூரே நின்றது. அந்தப் போராட்டத்துக்கு ஆள் சேர்ந்தது முதலாளி வீட்டுத் திண்ணையிலா?

இதைவிட அசிங்கம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் வெளியே பேச மாட்டார்கள். ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஷிப்ட் முடிந்து நாலு நாள் சேர்ந்து நடந்துவிட்டால், சூப்பர்வைசர் கேட்கிற முதல் கேள்வி, "அந்தப் பையன் என்ன ஆளுங்க?" பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பதில் சரிப்படாவிட்டால் அன்றைக்கே பெண் வீட்டுக்குப் போன் போகும். பையனுக்கு வேலை போகும், அல்லது பெண்ணை மூட்டை கட்டி அனுப்புவார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு போனுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று போன் செய்தவருக்கு நன்றாகவே தெரியும். நூல் நூற்க வைத்திருக்கிற ஆளுக்குச் சாதிக் காவல் வேலையை யார் கொடுத்தது?

ஆபீஸ் வேலைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். கோவை சரவணம்பட்டி ஐடி கம்பெனியில் ஏசி ரூமில் உட்கார்ந்தாலும் இதேதான், தாள் மட்டும் வழவழப்பு. ஸ்டேட்டஸில் என்ன வைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டு விசேஷத்துக்கு வந்தாயா, ராத்திரி பதினொரு மணிக்குக் குரூப்பில் போட்ட மெசேஜுக்கு ஏன் கட்டைவிரல் போடவில்லை.

இவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த விதி? ஒழுங்கு நடவடிக்கை என்றால் நிலையாணையில், அதாவது கம்பெனியின் வேலை விதிகளில், அந்தக் குற்றம் எழுதியிருக்க வேண்டும். "வளாகத்திலோ அதை ஒட்டிய இடத்திலோ" நடந்தது என்று இருக்கிற விதியை இழுத்து ஊர் முழுக்கப் போர்த்த முடியாது என்று 1983-லேயே கிளாக்ஸோ லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பணம் கொடுத்துவிட்டு, அது கழியும்வரை இஷ்டப்பட்ட இடத்துக்குப் போக விடாமல் அடைத்து வைத்தால் அது 1976 சட்டப்படி கொத்தடிமை முறை. அந்த மனு லேபர் ஆபீஸுக்கு இல்லை, நேராகக் கலெக்டருக்கோ ஆர்டிஓவுக்கோ போகவேண்டியது. பெண்கள் ஹாஸ்டல் நடத்த 2014 சட்டப்படி உரிமம் வேண்டும். கேட் நோட்டுக்கு இத்தனை கட்டம் போட்டவர்கள் அந்த உரிமத்தை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஆனால் ஆள் கோட்டை விடுவது சட்டத்தில் இல்லை, தாளில். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தால் வாங்காமல் ஓடுகிறார்கள். ஓடாதீர்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதி, தேதி போட்டு, ஒரு காப்பி வாங்குங்கள். "தவறுக்கு வருந்துகிறேன்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தால் அதுதான் உங்கள் வாக்குமூலம். வெள்ளைத்தாளில் கையெழுத்து, மூச். எல்லாவற்றிலும் மோசம் ராஜினாமாக் கடிதம்: "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்ற ஒரு வரி போதும், வெளியே தள்ளிய கதை தானாகப் போன கதையாகிவிடும். மிரட்டி வாங்கிவிட்டால் மறுநாளே பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கும் லேபர் ஆபீஸருக்கும் நடந்ததை எழுதிப் போடுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பத்து நாள் கழித்து எழுதினால் "இப்பத்தான் யோசனை வந்துச்சா" என்பார்கள். பாஸ் மறுத்தால் தேதி, நேரம், மறுத்தவர் பெயரை அன்றன்றைக்கே குறித்து வையுங்கள். பெண்களுக்கு அவசரம் என்றால் 181.

இல்லை, இருபத்து நாலு மணி நேரமும் எங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறீர்களா, சரிங்க, கணக்குப் போட்டுவிடலாம். நாள் கூலி 500 என்று வையுங்கள். மணிக்கு 62 ரூபாய் 50 பைசா. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம், இரட்டைக் கூலி, மணிக்கு 125. பதினாறு மணி நேரத்துக்கு 2,000 ரூபாய். தினமும். பில்லை டைம் ஆபீஸில் கொடுக்கட்டுமா, வார்டனிடம் கொடுக்கட்டுமா?